நாற்பத்திரண்டு காயச்சீட்டுகள்

பிப்ரவரி 12

அன்புள்ள தலைமை நர்ஸ் அம்மாவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தது, ஜன்னல்தான் மூடவில்லை. தங்கையும் மாப்பிள்ளையும் நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். நேற்று மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் நான் "ஆனா..." என்று ஆரம்பித்த இடத்தில் நீ வைத்துவிட்டாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ பாதியில் தூக்கி எறிந்தாலும் நான் முழுவதையும் சொல்லி முடித்திருப்பேன்.

நான் செய்த குற்றம்தான் என்ன? உன் காயச்சீட்டுகள் நாற்பத்திரண்டையும் எடுத்தேன். கிழித்தேனா? எரித்தேனா? பழைய பேப்பரோடு போட்டேனா? போர்க்களத்தில் அடிபட்டவனுக்கு என்ன காயம், என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை மணிக்கு என்று எழுதி அவன் சட்டைப் பொத்தானில் கட்டிவிடும் அட்டை அது என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே போகிறது, இன்னும் பத்து வருஷத்தில் வெறும் அட்டைதான் மிஞ்சும் என்று புலம்பியதும் நீதான். அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது. பத்தொன்பது நாள், நீ பழைய சாமான் கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மெல்லிய நிப்பில் கறுப்பு மை தொட்டு, ஒவ்வொரு எழுத்தின் மேலும் அப்படியே எழுதினேன். ஓர் எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உன் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு நப்பாசை.

நீ என்ன செய்தாய்? பழைய சாமான் கடைக்காரர் முன்னால், "உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா?" என்று கத்தினாய். அந்த மனிதர் பாவம், விற்க எடுத்து வந்த மயக்கமருந்து முகமூடியைத் தன் முகத்திலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு மாணவனின் பேனா தேர்வில் மக்கர் செய்கிறது. விடை சரிதான், ஆனால் படிக்க முடியவில்லை. படிக்க முடியாத விடைக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? அவனுக்கு நல்ல பேனா ஒன்றைக் கொடுப்பது குற்றமா?

நீ ஓய்வு பெற்ற இந்த ஆறு வருஷத்தில் நம் வீடு என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார். கூடத்தில் நான்கு ஸ்ட்ரெச்சர். சாப்பாட்டு மேஜை விளிம்பில் பேண்டேஜ் சுற்றும் கைமெஷின். கழற்றினால் மேஜை உடையுமாம். படுக்கையறையில் எலும்பு அறுக்கும் ரம்பம், அதுவும் என் தலைமாட்டில். எத்தனை பேருக்கு அப்படி ஒரு ரம்பத்தின் கீழ் தூக்கம் வரும்? எனக்கு வந்தது. ஒரு நாளாவது முறையிட்டிருப்பேனா?

நீ உணர்ந்து ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். ரத்தக் கொதிப்பு மாத்திரையை மறந்து வைத்துவிட்டேன், அனுப்பு.

கை சும்மா இருக்காத,
உன் வாத்தியார்

•

பிப்ரவரி 18

வாத்தியாருக்கு,

மாத்திரை இத்துடன் இருக்கிறது. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. மாத்திரை போட்டிருக்கும் தகர டப்பா, சிப்பாய்கள் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரைக்கானது. என்னுடையது. திரும்பி வர வேண்டும். அதன்மேல் எதுவும் எழுத வேண்டாம்.

"ஒரு நாளாவது முறையிட்டிருப்பேனா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை முறையிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து.

நீங்கள் செய்ததை உங்களுக்குப் புரிய வைக்க முடியுமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன். அந்தச் சீட்டை எழுதினவன் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதவில்லை. முழங்காலில் வைத்து எழுதினான். சிலதில் அட்டை கிழிகிற மாதிரி அழுத்தியிருந்தான். சிலதில் பென்சில் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஈரம் பட்டால் ஊதாவாக மாறுகிற பென்சில் அது. மழைத்துளி விழுந்த இடத்திலெல்லாம் ஊதாப் பூவாகப் பரவியிருந்தது. முப்பத்து மூன்று வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான். எழுதினவன் எவ்வளவு அவசரத்தில் இருந்தான் என்று கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது என்ன இருக்கிறது? நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து. குண்டு குண்டாக, கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரி. எல்லோரும் உங்கள் வகுப்பில் கைகட்டி உட்கார்ந்துகொண்டே அடிபட்டவர்கள் மாதிரி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கோடு எதற்கு?

பதினேழாம் சீட்டில் "அனுப்பிய நேரம்" என்ற கட்டம் காலியாக இருந்தது. வயிற்றில் குண்டு பாய்ந்தவன். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று அர்த்தம். வண்டி வரவில்லையோ, வண்டி வந்தபோது அவன் இல்லையோ. அந்தக் காலி இடத்தைத்தான் நான் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதில் ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு இழுத்திருக்கிறீர்கள். விடைத்தாளில் எழுதாமல் விட்ட பக்கத்தை அடித்துவிடுகிற மாதிரி! அந்தக் கட்டம் மட்டுமா, காலியாக இருந்த ஒவ்வொரு கட்டத்திலும் கோடு.

உங்களுக்கு இன்னொன்றும் புரியவில்லை. ஓய்வு பெற்ற மாதம் ஒரு பழைய ராணுவ மருந்துப் பை கிடைத்தது. அதன் அடியில் நூலில் கட்டி இந்தச் சீட்டுகள் இருந்தன. மற்ற சாமான்கள் எல்லாம் இவர்களுக்காகத்தான் வந்தன. இவனை எந்த ஸ்ட்ரெச்சரில் தூக்கியிருப்பார்கள், இவன் காலை எந்த ரம்பத்தால் எடுத்திருப்பார்கள் என்று தேடித் தேடித்தான் சேர்த்தேன். இரும்பு வாங்கும் பைத்தியம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உணர்ந்து ஒரு வரி எழுத வேண்டுமாம். உணர்ந்துவிட்டேன். இதுதான் அந்த வரி.

எல்லோரும் கூப்பிடுகிறபடி,
சிஸ்டர்

•

பிப்ரவரி 26

அன்புள்ள மனைவிக்கு,

கட்டின மனைவி கடிதத்தின் அடியில் "சிஸ்டர்" என்று கையெழுத்துப் போடுகிறாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? தங்கையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

கோடு விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம். காலி இடத்தை அடிக்காமல் விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிச் சேர்த்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் அப்படி நடந்து, விசாரணை வரைக்கும் போய், பாவம் அந்த அறிவியல் ஆசிரியர் படாத பாடு பட்டார். அன்றிலிருந்து காலி இடத்தைக் கண்டால் என் கை தானாக ஸ்கேலைத் தேடும். உன் சிப்பாய்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் போட்டேன். உனக்கு அது கொலைக் குற்றமாகத் தெரிகிறது.

சரி, கேட்கிறேன். முகம் தெரியாத நாற்பத்திரண்டு பேருக்காக இவ்வளவு உருகுகிறாயே, உன் வீட்டிலேயே ஒருவன் இருந்தானே, அவனுக்கு எந்தச் சீட்டு கட்டினாய்?

உனக்கு நினைவிருக்காது. நான் பள்ளி மாடிப்படியில் விழுந்து கால் வீங்கிய அன்று உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். நீ தியேட்டர் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாய். "இவ்ளோ கத்த முடியுதுன்னா ஒண்ணும் ஆகல, உட்காரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். மூன்று மணி நேரம் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து அனுதாபமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் எனக்கு வாழைப்பழம்கூடக் கொடுத்தார். முப்பத்தாறு வருஷமாக நான் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே நிலைமை சுமார். மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அல்லவா, நான் ஏதாவது பேச ஆரம்பித்தால் அவர் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது. டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. சாப்பாட்டில் உப்பு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லவே இல்லை. சொன்னால் தங்கை, "அண்ணா, அண்ணி எப்படி உன்னோட இத்தனை வருஷம் இருந்தாங்க?" என்கிறாள். என் கூடப் பிறந்தவள் அவள்!

பெஞ்சிலிருந்து,
உன் வாத்தியார்

•

மார்ச் 6

வாத்தியாருக்கு,

கால் வீங்கிய அன்று நடந்தது நினைவிருக்கிறது. உங்களுக்குத் தெரியாத பாதியை நான் சொல்கிறேன். அன்று ஒரு வேன் கவிழ்ந்து பதினான்கு பேர் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். அப்படி வரும்போது எங்களுக்கு ஒரே ஒரு கணக்குத்தான். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, நெஞ்சு வேலை செய்கிறது, அவன் காத்திருக்கலாம். மூலையில் ஒருவன் சத்தமே போடாமல் சுவரில் சாய்ந்திருப்பான். அவனிடம்தான் முதலில் ஓட வேண்டும். உங்களுக்கு வாழைப்பழம் கொடுத்தவரின் மகன்தான் அன்றைக்குச் சத்தம் போடாதவன். பிழைத்துவிட்டான்.

நீங்கள் வீட்டில் கத்திக்கொண்டே இருக்கிறீர்கள். செருப்பு எங்கே, பேப்பர் வரவில்லை, ரம்பம் விழப்போகிறது. எனக்கு அது பழகிவிட்டது. அடுக்களையில் நிற்கும்போது கூடத்தில் உங்கள் சத்தம் கேட்டால் நான் என் வேலையைப் பார்ப்பேன். இதில் என்ன தப்பு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இப்போது என் செய்தி. அருங்காட்சியகத்துப் பெண் நேற்று வந்தாள். போர்க்கள மருத்துவத்துக்குத் தனியாக ஓர் அறை திறக்கிறார்கள், என் சாமான்களை அங்கே வைக்கப்போகிறார்கள் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்காகத்தான். நடு மேஜையில் கண்ணாடிக்கு அடியில் சீட்டுகள், சுற்றிலும் மற்றதெல்லாம் என்று வரைபடம்கூடப் போட்டு எடுத்து வந்திருந்தாள். சீட்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, இது நகல்தானே? அசல் எங்க வச்சிருக்கீங்க?"

"இதுதான்மா அசல்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"மேல யாரு எழுதினது?"

"என் வீட்டுக்காரர்."

"ஐயோ" என்றாள். அப்புறம், "நல்லா எழுதியிருக்கார்" என்றாள். நல்ல பெண். சீட்டு வேண்டாம், மற்றதை எடுத்துக்கொள்கிறோம் என்றாள். சீட்டு இல்லாமல் அதெல்லாம் வெறும் இரும்பும் கான்வாஸ் துணியும்தான். நான் எதையும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் கடைக்காரர் வந்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "இத்தன வருஷமா நான்தான் உங்களுக்குக் கொண்டாந்து குடுக்கறேன், இவங்க பேரு இப்பதான் சிஸ்டர் எனக்குத் தெரியுது" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. உங்களுக்குச் சாதகமாக ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே என்று.

சிஸ்டர்

•

மார்ச் 13

அன்புள்ள மனைவிக்கு,

வழி கண்டுபிடித்துவிட்டேன்!

யோசித்துப் பார். நான் எழுதியது மேலே. பென்சில் அடியில். சுவரில் பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் அடித்தால், சுரண்டினால் பழையது வருமா வராதா? மேலே இருக்கும் மையை மட்டும் எடுத்துவிட்டால் போதும். உன் சிப்பாய்கள் பத்திரமாக அடியில் இருப்பார்கள்.

முதலில் ரொட்டித் துண்டால் தேய்த்துப் பார்த்தேன். ரொட்டிதான் கறுப்பானது. பிறகு மாப்பிள்ளையின் அலமாரியிலிருந்து வேண்டாத விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து, அதில் என் மையால் எழுதி, எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் வைத்தேன். மை பழுப்பானது, படிவத்தில் ஓட்டை விழுந்தது. அது வேண்டாத படிவம் இல்லை என்று பிறகு தெரிந்தது. மாப்பிள்ளை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பிரேக்கையும் தேடவில்லை.

மூன்றாவதாகத் துணி வெளுக்கும் திரவம். பஞ்சில் தொட்டு ஒற்றினேன். மை மாயமாக மறைந்துவிட்டது! ஒரு பாட்டில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மெதுவாகத் தொட வேண்டும், தேய்க்கக் கூடாது. நீ தியேட்டரில் காயத்தைத் துடைத்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லேசாக இருமல் இருக்கிறது. அந்தத் திரவத்தின் நெடியாக இருக்கும். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. சொல்ல வேண்டும் என்று சொன்னேன். எப்படியும் என்னைப் பெஞ்சில் உட்காரத்தான் சொல்லப்போகிறாய்.

வெற்றியுடன்,
உன் வாத்தியார்

•

மார்ச் 17

வாத்தியாருக்கு,

பாட்டில் வழியிலேயே உடைந்துவிட்டது. தபால்காரர் பையில் இருந்த கடிதங்கள் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிட்டன. எந்தத் தாள் யாருடையது என்று தெரியாமல் அந்த மனிதர் நம் வாசலில் நின்று என்னைக் கேட்கிறார். நான் தெரு முழுக்க வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாடி வீட்டுத் தையல்காரர் மட்டும், "எனக்கு வர்ற கடிதம் வெள்ளையா இருந்தா சந்தோஷம்தான் சிஸ்டர்" என்றார்.

உடைந்ததே நல்லது. அந்தத் திரவம் மையை மட்டும் எடுக்குமா? பென்சிலையும் எடுக்கும், அட்டையையும் தின்னும். உங்கள் பரிசோதனைத் தாளில் மைக்கு அடியில் பென்சில் இருந்ததா? இல்லையே. பிறகு எதை வைத்து வெற்றி என்று எழுதினீர்கள்?

தியேட்டரில் ஒரு கட்டம் வரும். இனிமேல் தொட்டால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். அப்போது அவர் கையை எடுத்துவிடுவார். கையை எடுப்பதும் வைத்தியம்தான். உதாரணம் எதுவும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

நீங்களும் கையை எடுங்கள். சரிசெய்ய வேண்டாம், விளக்க வேண்டாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. கொஞ்ச நாள் கடிதமும் எழுத வேண்டாம்.

இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

சிஸ்டர்

•

ஏப்ரல் 2

வாத்தியாருக்கு,

எழுத வேண்டாம் என்றேன். எழுதவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் நான் சொன்னதை நீங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆச்சரியமாக இருக்கிறது.

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மூன்று நாளாக மாடித் தையல்காரர் வீட்டிலிருந்து வாளியில் கொண்டு வருகிறேன். நீங்கள் மாடிப்படிக்கு அடியில் ஏதோ ஒன்றைத் தட்டுவீர்களே, அது என்ன? எங்கே இருக்கிறது? அங்கே போய்ப் பார்த்தேன், நான் வைத்த ஸ்ட்ரெச்சர் இரண்டு குறுக்கே நிற்கிறது. இதற்குமுன் நீங்கள் எப்படி அதைத் தாண்டிப் போனீர்கள்?

சமாதானக் கடிதம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் பற்றிய கேள்வி. பதில் மட்டும் எழுதினால் போதும்.

சிஸ்டர்

•

ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

ஒன்பது நாளாகிறது, பதில் இல்லை. இரண்டு கடிதமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றில் மோட்டார் பற்றி விளக்கம், இன்னொன்றில் நான் அந்த ஸ்ட்ரெச்சரை அங்கே வைத்ததற்கு வசவு. தபால் பையைத் திறக்கச் சொல்லி நானே பார்த்தேன்.

இன்று காலை போன் செய்தேன். உங்கள் மாப்பிள்ளை எடுத்தார்.

"மச்சான் ரூம்ல இருக்காருக்கா. எழுதிட்டே இருக்காரு. கூப்பிட்டா 'ம்'ங்கறாரு, அவ்வளவுதான்."

"சாப்பிடறாரா?"

"போட்டதச் சாப்பிடறாரு."

"உப்பு சரியில்லன்னு சொன்னாரா?"

"இல்லக்கா."

"டிவி சத்தம்?"

"அதுவும் ஒண்ணும் சொல்லல. நேத்து இவ துவைக்கும்போது அவரோட வெள்ளச் சட்டையில சிவப்புச் சாயம் ஏறிடுச்சு. பாத்துட்டு அப்படியே போட்டுக்கிட்டாரு. சும்மா சொல்லக் கூடாது, வீடு இப்ப ரொம்ப நிம்மதியா இருக்குக்கா."

போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். அப்புறம் பேசுவதாகச் சொல்லச் சொன்னீர்களாம். நான் உங்கள் போனை எத்தனை தடவை பாதியில் வைத்திருக்கிறேன்! நீங்கள் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

இருமல் எப்படி இருக்கிறது? மூச்சு வாங்குவது குறைந்ததா? மார்ச் மாதக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். மாடிப்படி பற்றி எழுதியிருந்தீர்கள். நான் வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். தலைமை நர்ஸ்! என் கீழே வேலை பார்த்த சின்ன நர்ஸ் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே திட்டி அனுப்பியிருப்பேன்.

சீட்டு கிடக்கட்டும். நீங்கள் என்னவோ எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள். இரண்டு நாள் பார்ப்பேன்.

உங்கள் மனைவி

•

ஏப்ரல் 14, காலை ஆறு மணி

இதைப் படிப்பவர் பழைய சாமான் கடைக்காரராக இருந்தால், நாளைக்கு வாருங்கள்.

வாத்தியாராக இருந்தால்: நான் அங்கே போய் நிற்கும்போது நீங்கள் இங்கே வந்து நின்றாலும் நிற்பீர்கள், உங்களை நம்ப முடியாது. அதனால் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போகிறேன். முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். சாவி மாடித் தையல்காரரிடம் இருக்கிறது.

பெயர்: வாத்தியார்

காயம்: தெரியவில்லை. சத்தம் இல்லை.

இதுவரை கொடுத்த மருந்து: காத்திருக்கச் சொன்னது. வெந்நீர்.

பார்க்க வேண்டிய வரிசை: முதல்

வீடு சேர்த்த நேரம்:

•

ஏப்ரல் 14, பிற்பகல்

அன்புள்ள என் மனைவிக்கு,

நீ அங்கே, நான் இங்கே. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பதில் எழுதித் தபாலில் போட்டு அது வந்து சேர்வதற்குள் நேரில் போய்விடலாம் என்று காலையில் பஸ் ஏறினேன். பாதி வழியில் எதிரே ஒரு பஸ் போனது. அதில்தான் நீ இருந்திருக்கிறாய்.

தங்கை போன் செய்தாள். நீ உள்ளே வந்ததும் நான் இல்லை என்று தெரிந்து, மாப்பிள்ளையை ஒரு பிடி பிடித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ் ஏறிவிட்டாயாம். இதைக் கடிதமாக எழுதிச் சாப்பாட்டு மேஜையில், பேண்டேஜ் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நீ வந்ததும் முதல் அரை மணி நேரம் நீதான் பேசுவாய். என் முறை வர நேரமாகும்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நெடி போனதும் இருமலும் போய்விட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டும் இன்னும் இருக்கிறது. நாளைக்கு உன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்தத் தடவை பெஞ்சில் நீயும் கூட உட்கார வேண்டும்.

சத்தம் போடாததற்குக் காரணம் இந்த நோட்டு. கடிதத்துக்கு அடியில் இருக்கிறது. கையை எடுக்கச் சொல்லி நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. ஓர் எழுத்தின் மேல் எழுத வேண்டுமானால் அது எங்கே தொடங்குகிறது, எங்கே அழுந்துகிறது, எங்கே முடிகிறது என்று பார்க்காமல் எழுத முடியாது. அந்தச் சீட்டுகளை உன்னைவிட நெருக்கமாகப் பார்த்தவன் ஒருவன்தான். அவற்றைக் கெடுத்தவனும் அவன்தான். முப்பத்து நான்கு வருஷத்தில் எந்தப் பையன் கையெழுத்தையும் நான் மறந்ததில்லை. இவற்றையும் மறக்கவில்லை. நாள் ஆக ஆக மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். உன் மோட்டார் கடிதம் வந்த அன்று இருபத்தெட்டாம் சீட்டின் நடுவில் இருந்தேன். பதில் எழுதாதது தப்புதான்.

அவர்கள் எழுதியிருந்த மாதிரியே, சீட்டுக்கு ஒரு பக்கம். மை தொடவில்லை, எல்லாம் பென்சில். உன் சீட்டுகளை எழுதியது ஒருவன் இல்லை, மூன்று பேர். முதல் பன்னிரண்டை எழுதினவன் இடது கைக்காரன். எழுதியதைத் தன் கையாலேயே கலைத்துக்கொண்டு போயிருந்தான். இரண்டாமவன் நன்றாகப் படித்தவன், முப்பதாம் சீட்டுக்கு மேல் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பிக்கிறது. குளிரோ என்னவோ, அது உனக்குத்தான் தெரியும். கடைசி நாலு சீட்டை எழுதினவன் பென்சிலைக் கத்தியால் சீவியிருக்கிறான், கோடு ஒரு பக்கம் தடித்திருந்தது. மழை விழுந்த இடங்களைப் படமாக வரைந்திருக்கிறேன். படம் சுமார்தான்.

பதினேழாம் சீட்டுக்கு இரண்டு பக்கம். "அனுப்பிய நேரம்" கட்டம் முழுக்கக் காலியாக இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்ததால் எனக்குத் தெரிந்தது. நீ வெறும் கண்ணால் பார்த்ததால் தெரிந்திருக்காது. கட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தது. எழுதப் பென்சிலை வைத்திருக்கிறான். வைத்த இடத்திலேயே எடுத்துவிட்டான். அன்றைக்கு எனக்கு அது அழுக்கு என்று பட்டது. அதன் மேல்தான் கோடு போட்டேன்.

அது தவறு. இதற்கு உதாரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அருங்காட்சியகத்துப் பெண்ணுக்கு இந்த நோட்டு போதுமா போதாதா என்று தெரியாது. போதாவிட்டால் நம் வீட்டிலேயே இருக்கட்டும். ரம்பம் என் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

மோட்டாரைப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. ஸ்ட்ரெச்சரின் கால் இடித்துச் சுவிட்ச் அணைந்திருக்கிறது. இரண்டு வாரமாக மாடி வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர்! இதைப் பற்றி நீ வந்ததும் நான் நிச்சயம் கத்துவேன். உன் செருப்புச் சத்தம் கேட்டதும் ஆரம்பித்துவிடுவேன். ஆகையால் நீ படியில் ஓடி வர வேண்டாம், நிதானமாக வா.

நீ கட்டிவிட்டுப் போன சீட்டை நான் அவிழ்க்கவில்லை. கதவிலேயே இருக்கிறது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. கோடு போடவில்லை. பக்கத்தில் பென்சில் வைத்திருக்கிறேன்.

உன் வாத்தியார்